லிஃப்ட் விழாது

மார்ச் 4

தங்கச்சிக்கு,

எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. நீ பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் இருபத்தாறாம் தேதி நான் எழுதிய கடைசித் தேர்வை, ‘தேர்வர் அறையில் இருந்த இன்னொருவருடன் பேசிக்கொண்டே எழுதினார்’ என்று ரத்து செய்துவிட்டார்கள். சொன்னது ஒரு கம்ப்யூட்டர். அறையில் இன்னொருவர் கிடையாது. ஒரு பீரோ இருந்தது. ஒரு ஸ்டூல் இருந்தது. உன் அண்ணியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அங்கே அவள் மூன்று மணி நேரம் அவர்களுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதை உனக்கு எழுதுவது உதவி கேட்டு அல்ல. ஆன்லைன் பட்டம் வெத்து வேலை என்று நான்கு வருடமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். செய்தி வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வந்து நீ சந்தோஷப்படுவதைவிட, என் கையாலேயே வரட்டும். போனில் சொல்ல மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது.

நடந்தது இது. தேர்வுக்கு முன்னால் காமிராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னது. மேஜைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், கடைசியில் என் இரண்டு காதுகளையும் காட்டினேன். உடனே சிவப்பு எழுத்தில் ‘அறையில் இரண்டாவது முகம் தெரிகிறது’ என்றது. திரும்பிப் பார்த்தால் சுவரில் அப்பாவின் போட்டோ. உயிரோடு இருந்த காலத்திலேயே வாயைத் திறக்காத மனுஷன், இப்போதா எனக்கு இயற்பியலில் விடை சொல்லப் போகிறார்? சரி என்று படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன். அது முதல் எச்சரிக்கை.

பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவன் நான். மிச்சத்தை லிஃப்ட் கம்பெனிக் கையேடுகளை வைத்து மிஷின் ரூம் சத்தத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்க வேண்டும் என்று உதட்டை அசைத்து வாசித்துப் பழகிவிட்டது. உதடு அசையாமல் ஒரு வரி உள்ளே போகாது. அதற்கு ஆறு எச்சரிக்கை. ஏழாவது கேள்விக்கு மட்டும் பன்னிரண்டு.

ஏழாவது கேள்வி என்ன தெரியுமா? கயிறு அறுந்து விழும் லிஃப்டுக்குள் ஒருவன் எடை பார்க்கும் கருவியின் மேல் நிற்கிறான். கருவி என்ன காட்டும்? பூஜ்யம் என்று எழுதினால் முழு மதிப்பெண். நாற்பத்தொரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறவன் அதை எப்படி எழுதுவான்? ‘எந்தக் கயிறு? ஆறு இருக்கே, ஆறுமா அறுந்துச்சு?’ என்று கேள்வித்தாளைக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். மூன்று ஆசிரியர்கள் வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வார்களாம். அவர்களுக்கு என் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஜூன் முப்பதுக்குள் இந்தத் தாள் முடியவில்லை என்றால் விதிப்படி என் பதிவே காலாவதி. நான்கு வருடமும் போச்சு.

ஏன் சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் கல்லூரி லிஃப்ட் நடுவில் நின்றபோது உன்னையும் உன்னோடு பாடம் நடத்தும் வேதியியல் சாரையும் நான்தான் மிஷினைக் கையால் சுற்றி இறக்கினேன். வெளியே வந்ததும் அவர் மரியாதையாக, ‘நீங்க என்ன படிச்சிருக்கீங்க?’ என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: ‘எங்க அண்ணன் சார். அவர் ஒண்ணும் படிக்கலை.’

மறுநாள் சேர்ந்தேன்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நடந்ததற்கு வருந்துகிறேன். சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீங்கள் என் வகுப்பில் உட்கார்ந்து எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் பக்கத்தில் வந்து நின்று, ‘உதட்டோட நிறுத்திக்குங்க, சத்தம் வேணாம்’ என்று சொல்லியிருப்பேன். நீங்கள் என்னை முறைத்திருப்பீர்கள். அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். இருபத்தேழு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். கல்லூரி என்பது பாடம் மட்டும் அல்ல, முறைத்துப் பார்ப்பதற்கு எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆய்வகம் இல்லாமல் இயற்பியல் படிப்பதை நான் நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது மாதிரிதான் பார்க்கிறேன்.

அந்த லிஃப்ட் கணக்கை நானும் இருபத்தேழு வருடமாக நடத்துகிறேன். அது கற்பனைக் கணக்கு. கேள்வியில் வரும் லிஃப்டுக்கு நீங்கள் மெக்கானிக் அல்ல. பூஜ்யம் என்று எழுதிவிட்டு எட்டாவது கேள்விக்குப் போயிருக்கலாம்.

‘ஒண்ணும் படிக்கலை’ என்று நான் சொன்னது உண்மைதான். அன்றைக்கு அது தகவலாகத்தான் தோன்றியது. அதற்காக நான்கு வருடம் போனை எடுக்காமல் இருப்பது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

தங்கை


மார்ச் 20

தங்கச்சிக்கு,

‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என்னோடு சண்டை என்றால்தான் உனக்கு இந்த மரியாதையெல்லாம் வரும். வரட்டும்.

முறைக்க ஆள் வேண்டும் என்கிறாய். ஐந்தாம் வகுப்பில் எனக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தார். ‘தண்ணி ஏன் சார் மேல போகாது?’ என்று மூன்று தடவை கேட்டதற்கு வெளியே நிறுத்தினார். நின்றவன் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த நான்கு வருடத்தில் ஒரே பாடத்தைப் பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பேராசிரியர் பதினோரு தடவையும் அதே சிரிப்போடு சொன்னார். ஒருநாள் பாடத்தின் நடுவில் போன் வந்தது, மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. பேராசிரியரை வாய் திறந்தபடியே நிறுத்திவிட்டுப் போய், அவர்களை இறக்கி, கதவைச் சரி பண்ணி, சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாய் திறந்தபடியே காத்திருந்தார். உன் கல்லூரியில் அப்படி யார் காத்திருப்பார்கள்? என் வயதைப் பார்த்து யாரும் எழுந்து இடம் கொடுக்கவும் இல்லை, கடைசி பெஞ்சுக்கு அனுப்பவும் இல்லை. அங்கே எல்லாருக்கும் முதல் பெஞ்சு.

ஆய்வகம் இல்லை என்கிறாய். ஒரு பெட்டி அனுப்பினார்கள். அதில் இருந்த ஊசலைக் கூடத்தில் மின்விசிறிக் கொக்கியில் கட்டினேன். இரண்டு நாள் உன் அண்ணி குனிந்தே நடந்தாள், மூன்றாம் நாள் மறந்துவிட்டாள். வீக்கம் இறங்கிவிட்டது. எடை பார்க்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு நானே லிஃப்டில் ஏறி, கிளம்பும்போது எவ்வளவு, நிற்கும்போது எவ்வளவு என்று பன்னிரண்டு மாடிக்கும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது மாடியில் ஏற வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் படியில் போனார்கள். இதை உன் மாணவர்களில் யார் செய்திருக்கிறார்கள்?

குறையே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல். ‘கலந்துரையாடல்’ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் எழுதினால் ஐந்து மதிப்பெண். எல்லாரும் எல்லாருக்கும் ‘அருமையான கருத்து’ என்று எழுதிவிட்டு ஐந்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு பையன் உராய்வைப் பற்றித் தப்பாக எழுதியிருந்தான். ‘தவறு’ என்று ஆரம்பித்து நான்கு பக்கம் விளக்கினேன். நட்புணர்வு குறைவு என்று இரண்டு மதிப்பெண் வெட்டினார்கள். அந்தப் பையனாவது என்னோடு சண்டைக்கு வருவான் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். ‘அருமையான கருத்து’ என்று எழுதியிருந்தான்.

இப்போது இந்த ரத்து. உதவிப் பெட்டியில் ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பது தடவையும் ‘உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரே பதில். நான் கேட்டது கேள்வியே அல்ல.

எட்டாவது கேள்விக்குப் போயிருக்கலாமே என்கிறாய். போனேன். எல்லாவற்றையும் எழுதினேன். ஆனால் ஏழில் பூஜ்யம் என்று மட்டும் எழுத மாட்டேன். இன்னொரு தடவை எழுதச் சொன்னாலும் எழுத மாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாளாக இருக்கிறேன். நான்கு தாள் கிழித்தாயிற்று.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வீடியோ பார்த்துச் சொல்லும் ஆசிரியர்கள் பட்டியலில் எங்கள் கல்லூரியில் எட்டுப் பேர் இருக்கிறோம். நானும் ஒருத்தி. ஆன்லைனைத் திட்டுகிறவள் ஏன் அதில் சேர்ந்தாள் என்று கேட்பாய். திட்டுவதற்கு ஆதாரம் வேண்டும் என்றுதான்.

போன திங்கள்கிழமை எனக்கு ஒரு வீடியோ வந்தது. எண் மட்டும்தான் இருந்தது. திறந்தால் நீ.

எச்சரிக்கை வந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை. நான் மூன்று மணி நேரமும் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதும் தேர்வுக்குக் கழுத்து பட்டன்வரை போட்டு, பெல்ட் கட்டி, ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அப்பா படத்தைத் திருப்புவதற்கு முன்னால், ‘மூணு மணி நேரம் பொறுத்துக்குங்கப்பா’ என்று சொன்னாய். அதைத்தான் கம்ப்யூட்டர் முதல் பேச்சு என்று குறித்திருக்கிறது. நீ உதட்டை அசைத்து வாசிப்பதை நான் கடைசியாகப் பார்த்தது எனக்குப் பத்து வயதில். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து உன்னைக் கேலி பண்ணியவள் நான்தான்.

நீ யாரோடும் பேசவில்லை. கேள்வித்தாளோடு சண்டை போட்டாய். அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

அதனால் ‘தேர்வர் என் உடன்பிறந்தவர்’ என்று எழுதி வீடியோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். விதி அது. இனி வேறு ஆசிரியர் நியமிக்க வேண்டும். அதற்கான குழு ஜூலையில்தான் கூடுமாம். இதை நான் அனுப்பிய பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கச்சி


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

இது இரண்டாவது அநியாயம். முதலாவதைச் செய்தது கம்ப்யூட்டர், அதற்கு என்னைத் தெரியாது. இதைச் செய்தது நீ.

மூன்று மணி நேரம் பார்த்தாய். நான் தனியாக இருந்தது தெரிந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் முடிந்திருக்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் அண்ணன் ஒருத்தன் இருப்பதே உனக்கு ஞாபகம் வராது. சரியாக அன்றைக்குப் பார்த்து உடன்பிறந்தவன் என்பது ஞாபகம் வந்துவிட்டதா? உன் நேர்மையைச் சட்டம் போட்டு உன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொள். அதையாவது யாரும் திருப்பி வைக்க மாட்டார்கள்.

உன் அண்ணி நீ செய்தது சரி என்கிறாள். அவளோடும் இரண்டு நாளாகப் பேச்சில்லை.

இனிமேல் எழுதாதே.

அண்ணன்

பின்குறிப்பு: ஏழாவது கேள்விக்கு நான் என்ன எழுதினேன் என்று வீடியோவில் தெரிந்ததா?


ஏப்ரல் 17

அண்ணா,

பின்குறிப்பில் கேள்வி கேட்டதால் இது எழுதுவது ஆகாது, பதில் சொல்வது.

நீ எழுதியது தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். ஆனால் நீ ஒவ்வொரு வரியையும் சொல்லிச் சொல்லித்தானே எழுதினாய். வேகம் கூடினால் கவர்னர் என்கிற வேகக் கட்டுப்பாட்டுச் சக்கரம் இழுக்கும், வண்டிக்கு அடியில் இருக்கும் கவ்வுகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் பிடித்துக்கொள்ளும், அதற்கு ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குதான் ஆகும், அதுவரைக்கும்தான் பூஜ்யம், பிடிக்கும்போது கருவி எடையைக் கூட்டித்தான் காட்டும் என்று சொன்னாய். தாளில் போட்டுப் பார்த்தேன். ஏழில் ஒரு பங்கு சரியாக வருகிறது. அதோடு விடவில்லை. எங்கள் கல்லூரி லிஃப்டைப் பார்க்க வந்த மெக்கானிக்கோடு மிஷின் ரூமுக்கு ஏறிப் போனேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. கவர்னரைக் கையால் சுற்றிக் காட்டினார். எங்கே கேள்விப்பட்டீங்க என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். ‘பிரேக்கு அண்ணன் தங்கச்சியா நீங்க? முதல்லயே சொல்லக் கூடாதா?’ என்று துணியால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உன்னை அந்தத் தொழிலில் பிரேக்கு என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது. ஏன் என்று கேட்கவில்லை, புரிந்தது.

மறுநாள் வகுப்பில் அந்தக் கணக்கை எடுத்தேன். இந்த லிஃப்ட் விழாது என்று சொல்லிவிட்டு உன் விளக்கத்தைச் சொன்னேன். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற பெண் எழுந்து, ‘அப்ப இத்தனை வருஷமா ஏன் மேடம் அதைத் தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தீங்க?’ என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இது உன் கம்ப்யூட்டரில் கிடைக்காது.

என் வகுப்பில் கிடைக்காதது ஒன்றும் நடந்தது, அது உன் கட்சிக்குச் சாதகம். இந்த வருடம் எல்லாரும் பாடங்களைப் பதிவு செய்து போட வேண்டும் என்று கல்லூரியில் உத்தரவு. காலி அறையில் காமிராவைப் பார்த்து நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை ‘புரியுதா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றேன். மானம் போயிற்று. ஆனால் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் என் பாடத்தைக் கேட்கிறாளாம், பாதியில் இறங்கினால் திரும்பும்போது மீதி. ‘புரியுதா என்று கேட்கும்போதெல்லாம் தலையாட்டுகிறேன் மேடம், பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். அவள் என் வகுப்புக்கு இந்த ஜென்மத்தில் வர முடியாது. உன்னைப் போலத்தான்.

இப்போது முக்கியமானது. நான் பட்டனைத் தட்டியிருந்தால், நாளைக்கு எவனாவது உன்னிடம், ‘தங்கச்சி போட்ட பாஸ்தானே?’ என்பான். நீ அந்தச் சான்றிதழை நாலாகக் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகம் மொத்தத்தையும் வாசித்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில், ரத்தான தேர்வை அங்கீகரித்த கல்லூரி ஒன்றில் ஒரு ஆசிரியரின் நேர்க் கண்காணிப்பில் திரும்ப எழுதலாம் என்று இருக்கிறது. மே பத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கண்காணிப்பவர் உறவாக இருக்கக் கூடாது. எங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறது. அடுத்த தேர்வு ஜூன் ஆறு. யார் கண்காணிப்பது என்று கேட்டதற்குக் கையைத் தூக்கியவர் ஒருவர்தான். அந்த வேதியியல் சார்.

வா, வராமல் போ. விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். நீ வேறு இடத்தில் போடுவாய் என்று தெரியும்.

தங்கச்சி


ஏப்ரல் 26

தங்கச்சிக்கு,

நீ செய்தது அநியாயம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அது சரியான அநியாயம் என்று உன் அண்ணி சொல்கிறாள். அவளோடு மறுபடி பேச வேண்டியிருந்ததால் பாதி ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பம் இதோடு இருக்கிறது. புள்ளிக்கு மேலேயே கையெழுத்து போட்டிருக்கிறேன். இனி நடக்க வேண்டியதை ஆள்வாரியாக எழுதுகிறேன். யாரும் பிறகு தெரியாது என்று சொல்லக் கூடாது.

பல்கலைக்கழகம் ஏழாவது கேள்வியைத் திருத்த வேண்டும். கயிறு அறுந்தது என்று எழுதினால் எத்தனை கயிறு என்று எழுத வேண்டும், கவர்னர் வேலை செய்ததா என்று எழுத வேண்டும். இதைப் பத்தாவது தடவையாக உதவிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். நீ உன் கல்லூரித் தாளில், முத்திரையோடு, அதையே எழுது. அதற்காவது மனுஷன் யாராவது பதில் போடுகிறானா பார்ப்போம். திருத்தாமல் அதே கேள்வியைக் கொடுத்தால் நானும் அதே பதிலைத்தான் எழுதுவேன். எத்தனை மதிப்பெண் போனாலும் போகட்டும், மிச்சத்தில் தேறுவேன்.

அண்ணி அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டாம். வீட்டில் சும்மா இருந்தால் போதும். வெங்காயம் நம் வீட்டிலும் இருக்கிறது.

அப்பாவை நான் திருப்பி மாட்ட வேண்டும். இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டம் வந்த பிறகு திருப்பலாம் என்று விட்டிருந்தேன். இன்றைக்கே திருப்புகிறேன்.

அந்த நர்ஸ் ‘புரியுதா’வுக்குத் தலையாட்டுவதை நிறுத்த வேண்டும். புரியாதபோது ஆட்டக் கூடாது, உனக்கு எழுத வேண்டும். நீ அன்றன்றைக்குப் பதில் எழுத வேண்டும். ‘உங்கள் கேள்வி முக்கியமானது’ என்று எழுதினால் நான் கேள்விப்படுவேன்.

வேதியியல் சாருக்கு: உதட்டை அசைக்காமல் வாசிக்க முயற்சி செய்தேன். அண்ணி கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்தாள். பதினோரு நிமிடம் தாங்கினேன், ஒரு வரியும் உள்ளே போகவில்லை. ஆகவே உதடு அசையும். அவர் அதை நிறுத்தச் சொல்லக் கூடாது. சத்தம் வந்தால் மேஜையைத் தட்டட்டும், நான் முறைக்க மாட்டேன். முறைத்தாலும் எழுதுவதை நிறுத்த மாட்டேன்.

நீ அன்றைக்குத் தேர்வு அறைக்குள் வரக் கூடாது, ஜன்னல் வழியாகவும் பார்க்கக் கூடாது. மூன்று மணி நேரம் பார்த்தது போதும். வெளியே நிற்கலாம். போன் செய்வதென்றால் முதல் நாள் சாயங்காலம் செய். எடுப்பேன். குறுக்கே பேசினால் வைத்துவிடுவேன்.

கடைசியாக ஒன்று, இதுவும் உனக்குத்தான். நான் எழுதி முடித்து வெளியே வந்ததும் வேதியியல் சார் மறுபடியும், ‘நீங்க என்ன படிச்சிருக்கீங்க?’ என்று கேட்பார். அவர் உன்னைப் பார்த்துக் கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் சொல்வேன். சொல்லி முடிக்க நேரமாகும். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல். பக்கத்தில் உனக்கும் ஒன்று.

அண்ணன்